பங்கு மோட்டார், பொது உலர்த்தி: தூரத்திலிருந்து இயக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே போர்வெல்லில் நாலைந்து பேர் பங்கு வைத்துப் பாய்ச்சுகிறவர்களுக்கும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் நெல் உலர்த்தியையோ ஆலையையோ வெளியூரிலிருந்து பார்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்கும் எழுதியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்து மண்ணையும் மழையையும் மின்சாரத்தையும் மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கிறோம்.

பதில்களில் பாதி ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. போன் "ஓடட்டுமா?" என்று கேட்கத்தான் முடியும். ஓடலாமா, நிற்கவேண்டுமா என்று முடிவெடுக்க வேண்டியது கொட்டகையில் இருக்கும் பேனல். சிக்னல் செத்துப்போனாலும் அது தன் வேலையைச் செய்யவேண்டும்.

போன் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

போனில் அழைத்து மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் உதவும் பெட்டி இது. சிம் போடும் மோடம் ஒன்று, மூன்று ஃபேஸின் வோல்ட்டேஜையும் பார்க்கும் சர்க்யூட், மோட்டார் வயர் நுழைந்து போக, ஆம்பியரை அளக்கும் சி.டி. வளையம், இரண்டு சின்ன ரிலே, ஒரு பேட்டரி. அவ்வளவுதான். மோட்டாருக்குப் போகும் மின்சாரம் இதன் வழியாகப் போவதில்லை. பழையபடி மோட்டாருக்கு மின்சாரம் விடும் காண்டாக்டர், சுமை கூடினால் வெட்டும் ஓவர்லோட் ரிலே ஆகியவற்றின் வழியாகவே போகிறது. பச்சைப் பொத்தானையும் சிவப்புப் பொத்தானையும் உங்களுக்குப் பதிலாக அமுக்குவதுதான் இதன் வேலை. பேட்டரி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அது இல்லாத பெட்டி, கரண்ட் போன செய்தியையே சொல்ல முடியாமல் கரண்டோடு சேர்ந்து அணைந்துவிடும்.

எங்களுடையது ஃபில்டர் பாயிண்ட் (ஆழமில்லாத குழாய்க் கிணறு), மேலே மோனோபிளாக். போனில் போடலாமா?

தண்ணீருக்குள் மூழ்கி நிற்கும் சப்மெர்சிபிளுக்கு யோசிக்காமல் போடலாம். மோனோபிளாக்குக்கு யோசிக்க வேண்டும். அது தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் பம்ப். உறிஞ்சும் உயரம் நடைமுறையில் 7 மீட்டரோடு சரி. சித்திரை, வைகாசியில் நீர்மட்டம் இறங்கியதும் ஏர் பிடிக்கும், அதாவது குழாயில் காற்று புகுந்து தண்ணீர் ஏறாது. நேரில் நிற்கும் ஆள் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து நிறுத்திவிடுவார். கும்பகோணத்தில் உட்கார்ந்து மிஸ்டு கால் கொடுக்கிறவருக்கு அந்தச் சத்தம் கேட்காது. பம்புக்குள் மிச்சமிருக்கும் தண்ணீர் சூடேறிக் கொதிக்கும், சீல் கருகும், பம்பை ஒட்டியுள்ள பி.வி.சி. குழாய் இளகிக் கோணிக்கொள்ளும்.

ஆகவே முதலில் இதைச் சோதியுங்கள். பம்பை நிறுத்திவிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றாமல் ஸ்விட்சைப் போடுங்கள். அரை நிமிடத்துக்குள் முழுத் தண்ணீர் கொட்டவேண்டும். மூன்று நாள் தொடர்ந்து இப்படி வந்தால் போன் ஸ்டார்ட்டர் வைக்கலாம். வராவிட்டால் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ரிஃப்ளக்ஸ் வால்வின் தோல், பம்பின் தண்டைச் சுற்றிய கிளாண்ட் கயிறு, உறிஞ்சு குழாயின் பிளாஞ்சு வாஷர் ஆகிய மூன்றில் ஒன்று காற்று வாங்குகிறது. தினமும் வாளியில் ஊற்றி ஏர் எடுத்துத்தான் போடவேண்டும் என்கிற பம்புக்குப் போன் ஸ்டார்ட்டர் வாங்குவது வீண் செலவு. அந்தப் பணத்தை வால்வுக்குப் போடுங்கள்.

எந்த சிம் போடுவது?

பெட்டியில் 2ஜி மோடம் இருந்தால் ஜியோ சிம் வேலை செய்யாது; அந்த நிறுவனத்துக்கு 2ஜி சேவையே கிடையாது. 4ஜி மோடம் என்றாலும் "வோல்ட்டி (4ஜி வழியாகவே பேசும்) அழைப்பு எடுக்குமா?" என்று கேளுங்கள். அது இல்லாத 4ஜி பெட்டியில் ஜியோ சிம் போட்டால் ஆப் வேலை செய்யும், மிஸ்டு கால் வேலை செய்யாது. கடையில் நான்கு கட்டம் சிக்னல் காட்டுவதை நம்பவேண்டாம். கொட்டகைக்குள்ளேயே நின்று, கதவைச் சாத்திக்கொண்டு, சாதாரண போனில் அந்த சிம்மைப் போட்டுப் பேசிப் பாருங்கள். தகரக் கொட்டகை என்றால் ஆன்டெனாவை வயரோடு வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

டெல்டாவில் சிம் சாவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் திறந்து, ஜனவரி 28 மூடுகிறார்கள். ஆற்றுத் தண்ணீரும் ஐப்பசி, கார்த்திகை மழையும் இருக்கிற மாதங்களில் மோட்டாரைத் தொடுவார் இல்லை. பயன்பாடே இல்லாமல் 90 நாள் கிடந்து, இருப்பும் 20 ரூபாய்க்குக் கீழே இருந்தால் இணைப்பை நிறுத்திவிடத் தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதி இடம் கொடுக்கிறது. தாளடிக்குக் கடைசித் தண்ணீர் தேவைப்படும் மாசியில் போன் போட்டால், "இந்த எண் உபயோகத்தில் இல்லை" என்று ஒரு பெண் குரல் சொல்லும். மாதம் ஒருமுறை, தண்ணீர் தேவைப்பட்டாலும் படாவிட்டாலும், போனிலிருந்து மோட்டாரை ஐந்து நிமிடம் ஓட்டிவிடுங்கள். சிம்மும் உயிரோடிருக்கும், மோட்டாரும் இறுகாது.

இருக்கிற டி.ஓ.எல். (மோட்டாரை நேரடியாக முழு வோல்ட்டேஜில் கிளப்பும்) ஸ்டார்ட்டரோடு எப்படி இணைப்பது?

உரிமம் உள்ள வயர்மேனை வைத்துச் செய்யுங்கள். காண்டாக்டரை இழுக்கும் காயிலின் (சுருள்) வயரிலேயே 415 வோல்ட் இருக்கும். அவர் சரியாகச் செய்தாரா என்று பார்க்க வரிசை இது.

மெயினை இறக்கி, ஃபியூஸ் கேரியர் மூன்றையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளவேண்டும். பெட்டியின் மூன்று உணர் வயர்களும் மெயினுக்கு அடுத்து, காண்டாக்டருக்கு முன்னால் வரவேண்டும். பின்னால் கொடுத்தால் மோட்டார் நிற்கும்போதெல்லாம் "கரண்ட் இல்லை" என்று பொய்ச் செய்தி வரும். ஸ்டார்ட் ரிலேயைப் பச்சைப் பொத்தானுக்கு இணையாகவும், ஸ்டாப் ரிலேயைச் சிவப்புப் பொத்தானுக்குத் தொடராகவும் கொடுக்கவேண்டும். சி.டி. வளையத்துக்குள் ஒரு வளையத்துக்கு ஒரே ஒரு ஃபேஸ் வயர்தான் நுழையவேண்டும். மூன்றையும் சேர்த்து நுழைத்துவிட்டால் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு ஆம்பியர் பூஜ்யம் காட்டும். பெட்டி உடனே "தண்ணீர் இல்லை" என்று நிறுத்தும். புதுக் கருவி ரிப்பேர் என்று திரும்பிக் கொண்டுபோகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

பழைய ஓவர்லோட் ரிலேயை நீக்க விடாதீர்கள். "இதிலேயே எல்லாப் பாதுகாப்பும் இருக்கிறது, அது எதுக்கு?" என்பார்கள். பெட்டியின் மென்பொருள் உறைந்துபோகிற நாளில் வெட்டிவிடுவதற்கு அது ஒன்றுதான் இருக்கும். கடைசியாக ஆட்டோ, ஆஃப், மேனுவல் என்று மூன்று நிலை உள்ள ஒரு திருகு ஸ்விட்ச். ஆஃபில் வைத்தால் போனும் ஆப்பும் எதுவும் செய்யமுடியாதபடி காயில் வயரின் இணைப்பே அறுபடவேண்டும்.

டூ ஃபேஸில் கண்டென்சர் போட்டு ஓட்டுகிறோம். அதோடு சேருமா?

சேராது. பெட்டியின் முதல் வேலையே ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்துவது. கண்டென்சர் அந்த இல்லாத ஃபேஸ் இருப்பதுபோல ஏமாற்றும். சில பெட்டிகளில் டூ ஃபேஸ் நிலை என்று ஒன்று தருகிறார்கள். நேரில் ஆள் நிற்கும்போது அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆள் இல்லாத நேரத்தில் ஓட்டினால் எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்குத்தான் வேலை.

டிரை ரன், ஓவர்லோட் எத்தனை ஆம்பியரில் வைப்பது?

டிரை ரன் என்பது தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும் கீழ் வரம்பு, ஓவர்லோட் என்பது சுமை கூடினால் நிறுத்தும் மேல் வரம்பு. மோட்டார் தகட்டில் இருப்பதைப் பார்த்து வைக்காதீர்கள். வாய்க்காலில் முழுத் தண்ணீர் விழும்போது, பிற்பகல் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை கிளாம்ப் மீட்டரில் மூன்று ஃபேஸையும் அளந்து எழுதுங்கள். 5 எச்.பி. மோட்டார் 8 ஆம்பியர் இழுக்கிறது என்றால், டிரை ரன் 6, ஓவர்லோட் 9 என்று தொடங்கலாம். டிரை ரன் பார்க்கும் முன் காத்திருக்கும் நேரம் சப்மெர்சிபிளுக்கு 10 நொடி, மோனோபிளாக்குக்கு 30 நொடி. வோல்ட்டேஜ் ஏறி இறங்கும்போது ஆம்பியரும் மாறும் என்பதால் ஒரு வாரம் பார்த்துத் திருத்துங்கள். அடிக்கடி வெட்டுகிறது என்பதற்காக டிரை ரன்னை 3 ஆம்பியருக்கு இறக்கிவிட்டால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கரண்ட் வந்ததும் தானாகவே ஓடும்படி ஆட்டோ வைத்துவிடலாமா?

வைக்கலாம், பக்கத்து மோட்டார்க்காரர்களிடம் பேசிவிட்டு. ஒரு கணக்கைப் பாருங்கள். 63 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் முழு லோடில் கொடுக்கக்கூடியது சுமார் 85 ஆம்பியர். அதில் பத்து 5 எச்.பி. மோட்டார் ஓடினால் 80 ஆம்பியர், தாங்கும். ஆனால் டி.ஓ.எல். ஸ்டார்ட்டரில் கிளம்பும் நொடியில் ஒவ்வொன்றும் ஆறு மடங்கு இழுக்கும். ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் வந்ததும் பத்தும் ஒரே நொடியில் எழுந்தால் 480 ஆம்பியர். வோல்ட்டேஜ் படுத்துவிடும், காண்டாக்டர்கள் பிடித்தும் விட்டும் படபடக்கும், டிரான்ஸ்ஃபார்மரில் பீஸ் போகும். காலையில் யார் மோட்டாரால் போயிற்று என்று சண்டை. முன்பு ஒவ்வொருவரும் நடந்து வந்து போட்டதால் இந்தப் பிரச்சினை தானாகவே தள்ளிப்போயிருந்தது.

பெரும்பாலான பெட்டிகளில் "ஆன் டிலே" (கரண்ட் வந்தபின் ஓடக் காத்திருக்கும் நேரம்) என்று ஒரு அமைப்பு உண்டு. கடையில் வரும்போது பெரும்பாலும் ஒரே எண்தான் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மருக்கு முதல் மோட்டார் 30 நொடி, அடுத்தது 60, அடுத்தது 90 என்று வரிசைப்படுத்தி, அந்த எண்ணை ஒவ்வொரு பேனல் கதவிலும் பெயின்ட்டில் எழுதிவையுங்கள். பத்து மோட்டாருக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

ஆட்டோவோடு "இத்தனை மணி நேரம் ஓடினால் நில்" என்பதையும் சேர்த்தே வையுங்கள். நிறுத்தும் நேரம் இல்லாத ஆட்டோ, வரப்பு உடைந்து அடுத்தவர் நாற்றங்காலில் போய் நிற்கும்.

ஆறு பங்குக்காரர்கள். ஆறு போனுக்கும் அதிகாரம் கொடுக்கலாமா?

ஓட்டும் அதிகாரம் ஆறு பேருக்கும். அமைப்பை மாற்றும் அதிகாரம் ஒருவருக்கு, அவர் ஊரில் இல்லாதபோது பயன்படுத்த இன்னொருவருக்கு. இதைக் கலக்காதீர்கள். பொது மோட்டாரில் வரும் தகராறு பெரும்பாலும் கருவியால் வருவதில்லை; ஒருவர் முறையில் இன்னொருவர் நிறுத்தியதாலோ நேரத்தை மாற்றியதாலோ வருகிறது. ஆகவே அந்தந்த நேரத்தில் அந்தந்த எண் மட்டும் ஓட்டவும் நிறுத்தவும் முடியும் என்று நேரக் கட்டுப்பாடு வைக்கக்கூடிய பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். அவசர நிறுத்தம் மட்டும் எல்லோருக்கும், எப்போதும்.

முறைக்கு எத்தனை மணி என்பதைக் கணக்காகவே போடலாம். 200 லிட்டர் டிரம்மை 20 நொடியில் நிரப்பினால் பம்ப் நொடிக்கு 10 லிட்டர், மணிக்கு 36,000 லிட்டர் தருகிறது. 100 குழி, அதாவது 1 மாவில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க சுமார் 67,000 லிட்டர் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வாய்க்கால் குடிப்பதையும் மண் குடிப்பதையும் சேர்த்து மாவுக்கு இரண்டரை மணி என்று வைத்தால் 4 மா வைத்திருப்பவருக்குப் பத்து மணி. கடைமடை வயலுக்கு அரை மணி கூட்டிக்கொடுப்பது நியாயம். கரண்ட் போன நேரம் முறையில் கழிய வேண்டாம் என்றால், கடிகார நேரத்தை விட்டுவிட்டு ஓடிய நேரத்தை எண்ணும்படி வையுங்கள். வாங்கும்போதே இதைக் கேளுங்கள். பல மலிவுப் பெட்டிகளில் கடிகார நேரம் மட்டும்தான் உண்டு.

வெறும் மிஸ்டு காலில் ஓடுவது பாதுகாப்பா?

அழைப்பவர் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும். வயல் மோட்டாருக்கு யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள் என்பது உண்மைதான். அதைவிட அடிக்கடி நடக்கக்கூடியது வேறு: பங்குக்காரர் எண்ணை மாற்றிவிடுகிறார், பழைய எண் சில மாதத்தில் எங்கோ ஒருவருக்குப் புது இணைப்பாகப் போகிறது, பட்டியலில் மட்டும் அப்படியே இருக்கிறது. நான்கு இலக்க ரகசிய எண் (பின் எண்) கேட்கும்படி வைத்தால் இரண்டும் அடைபடும். தொழிற்சாலையிலிருந்து வரும் 1234, 0000 ஆகியவற்றை அன்றைக்கே மாற்றுங்கள்.

யார் எத்தனை மணி ஓட்டினார்கள் என்ற கணக்கு?

விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் பில் தகராறு இல்லை. ஆனால் காயில் கட்டும் செலவு, கேபிள் செலவு வரும்போது கணக்கு வேண்டும். பெட்டி அனுப்பும் ஆன், ஆஃப் குறுஞ்செய்தி ஆறு பேருக்கும் போகும்படி வையுங்கள். ஒருவருக்கு மட்டும் போனால் அது அவர் சொல்லும் கணக்கு ஆகிவிடும். மாதக் கடைசியில் மணி வாரியாகக் கூட்டி ஒரு நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டால் போதும்.

மோட்டாரில் வேலை செய்யும்போது யாராவது போனில் போட்டுவிட்டால்?

இதற்காகத்தான் அந்த மூன்று நிலை ஸ்விட்ச். ஆனால் அதுவும் போதாது. பம்பைத் தொடும் முன் மெயினை இறக்கி, அதன் கைப்பிடியில் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்கிறவரே வைத்திருக்க வேண்டும். குழி இறக்கி பம்ப் வைத்திருக்கும் இடங்களில் இது உயிர்ப் பிரச்சினை. ஈரத்தில் நிற்கிற ஆள், எங்கோ இருக்கிறவரின் விரல். கொட்டகைக் கதவில் பெரிய எழுத்தில், "இந்த மோட்டார் சொல்லாமல் ஓடும்" என்று எழுதிவையுங்கள். குழந்தைகளுக்கும் புரியும்.

மழைக்காலத்தில் பெட்டி அடிக்கடி கெடுகிறது. ஏன்?

மூன்று காரணம், மூன்றும் சின்னவை. முதலாவது இடி. நேரடியாக விழவேண்டியதில்லை, லைனில் வரும் எழுச்சியே மோடத்தை எரிக்கும். பேனலில் மூன்று ஃபேஸுக்கும் அந்த எழுச்சியை எர்த்துக்குத் திருப்பும் சர்ஜ் அரெஸ்டர் வைத்து, அதன் எர்த் வயரை வளைக்காமல் குட்டையாக எர்த் குழிக்குக் கொண்டுபோகவேண்டும். எர்த் குழி கோடையில் காய்ந்து கிடந்தால் அரெஸ்டர் வைத்தும் பயனில்லை. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டாவது ஈரக்கசிவு. ஆன்டெனா வயர் மேலிருந்து நேராகப் பெட்டிக்குள் இறங்கினால் மழைத்தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே வரும். வயர் ஒரு வளைவாகக் கீழே தொங்கி, பிறகு அடிப்பக்கத்து ஓட்டை வழியே ஏறிப் போகவேண்டும். மூன்றாவது பல்லி. காண்டாக்டரின் கதகதப்புக்கு வந்து இரண்டு ஃபேஸுக்கு நடுவே படுக்கும். வயர் நுழையும் ஓட்டைகளை எல்லாம் கேபிள் கிளாண்ட் (வயரை இறுக்கிப் பிடிக்கும் மூடி) போட்டு அடையுங்கள். எறும்பு, குளவி தொல்லையும் தீரும்.

"மோட்டார் ஓடுகிறது" என்று செய்தி வருகிறது, வாய்க்காலில் தண்ணீர் இல்லை.

பெட்டி காண்டாக்டரையும் ஆம்பியரையும் பார்க்கிறது, தண்ணீரைப் பார்க்கவில்லை. டெலிவரி குழாய் உடைந்திருந்தாலும் ஆம்பியர் சரியாகவே காட்டும். குழாய் வாயில் தண்ணீர் ஓட்டத்தை உணரும் ஃப்ளோ ஸ்விட்ச் ஒன்று வைத்தால் தெரியும். மோட்டார் பின்பக்கமாகச் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். லைன்மேன் வேலை பார்த்துவிட்டுப் போன அடுத்த நாள் இது நடக்கும்.

எங்கள் நெல் உலர்த்தியைச் செய்து கொடுத்தவர், ரிப்பேருக்கு வரமாட்டேன், கணினியில் டீம்வியூவர் (தூரத்திலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள்) போட்டுக் கொடுங்கள் என்கிறார். கொடுக்கலாமா?

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் பஸ் பிடித்து வருவதற்குள் ஈர நெல் முளைத்துவிடும் என்பதால் தொலை இணைப்பு தேவைதான். எப்போதும் திறந்தே கிடக்கிற இணைப்புதான் தவறு.

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலம் ஓல்ட்ஸ்மார் ஊர்க் குடிநீர் நிலையத்தில் 2021 பிப்ரவரியில், தண்ணீரில் கலக்கும் சோடியம் ஹைட்ராக்சைடு அளவு திரையிலேயே 100 பி.பி.எம்.மிலிருந்து 11,100 ஆக ஏற்றப்பட்டது. பணியில் இருந்தவர் பார்த்து உடனே இறக்கிவிட்டார். வெளியாள் டீம்வியூவர் வழியாக நுழைந்தார் என்று முதலில் சொன்னார்கள். பிறகு, வெளியிலிருந்து யாரும் நுழைந்தார்களா என்பதே சந்தேகம் என்றார்கள். கணினிகளுக்கெல்லாம் ஒரே கடவுச்சொல் இருந்தது. எல்லோருக்கும் ஒரே சாவி என்றால் திருடன் வந்தானா, வீட்டாள் கை பட்டதா என்றுகூடச் சொல்லமுடியாது.

உலர்த்தியில் இது எப்படி வரும்? விதை நெல்லுக்குக் காற்று 43 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. அரவை நெல்லுக்கு அதைவிடக் கூடுதலாக வைப்பார்கள். யாரோ 55க்கு ஏற்றிவிட்டு இறக்க மறந்தால் அடுத்து வந்த விதை நெல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், நாற்றங்காலில்தான் முளைக்காது. அப்போது யார் மாற்றினார் என்று பார்க்கப் பதிவு வேண்டும்.

செய்யவேண்டியது இது. உலர்த்தியை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி.க்குத் தனியாக ஒரு 4ஜி ரூட்டர் வையுங்கள். அலுவலகக் கணினியும் பில்லிங்கும் இருக்கும் நெட்டில் அதைச் சேர்க்கவேண்டாம். அந்த ரூட்டரின் 24 வோல்ட் மின்சாரத்தைச் சாவி ஸ்விட்ச் ஒன்று வழியாகவும், இரண்டு மணி நேரத்தில் தானே அணையும் டைமர் வழியாகவும் கொடுங்கள். ரிப்பேர்க்காரர் போன் செய்கிறார், ஆப்பரேட்டர் சாவியைத் திருப்புகிறார், வேலை முடிகிறது. மறந்தாலும் டைமர் அணைத்துவிடும். நுழைவு வி.பி.என். (இணையத்துக்குள் பூட்டிய தனிப்பாதை) வழியாக மட்டும். ஒவ்வொருவருக்கும், அவருடைய ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி. பார்ப்பதற்கு ஒரு லாகின் கணக்கு, மாற்றுவதற்கு வேறு கணக்கு. வேலை தொடங்கும் முன் பி.எல்.சி. நிரலை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து நிறுவன பீரோவில் வையுங்கள். பிரதி தரமாட்டேன் என்கிற விற்பனையாளரிடம் இயந்திரம் வாங்கும் முன்பே பேசி முடித்திருக்க வேண்டும்.

ரூட்டரில் ஒரு போர்ட் (வெளியிலிருந்து நுழையும் வழி) திறந்துவிட்டால் போதாதா?

பெரும்பாலும் முடியாது, முடிந்தால் இன்னும் மோசம். மொபைல் சிம்மில் பெரும்பாலும் வெளியிலிருந்து நேராக எட்டக்கூடிய தனி ஐ.பி. முகவரி (பொது முகவரி) தரப்படுவதில்லை, ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கிறார்கள், வெளியிலிருந்து கதவைத் தட்டவே வழியில்லை. அதனால்தான் உள்ளிருந்து வெளியே போய் இணைகிற வி.பி.என். வேண்டும். வயர்கார்ட் என்ற வி.பி.என். மென்பொருளைப் பயன்படுத்தினால் கீப்அலைவ் (பாதை மூடாமலிருக்க அனுப்பும் சிறு செய்தியின் இடைவெளி) 25 நொடி என்று வையுங்கள். இல்லாவிட்டால் சற்று நேரம் சும்மா இருந்ததும் மொபைல் நெட்வொர்க் பாதையை மூடிவிடும். பொது முகவரி உள்ள ஃபைபர் இணைப்பில் போர்ட் 502ஐத் திறந்தால், பி.எல்.சி. பேசும் மொழியான மோட்பஸ் உலகத்துக்கே தெரியும். மோட்பஸுக்குக் கடவுச்சொல் என்ற பேச்சே கிடையாது. கேட்டவருக்கு வாசிக்கும், சொன்னவருக்கு எழுதும்.

தூரத்திலிருந்து செய்யவே கூடாதவை எவை?

பாய்லரைப் பற்றவைப்பது. நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டர், நகர்த்தும் கன்வேயர் ஆகியவற்றை ஸ்டார்ட் செய்வது. எலிவேட்டரின் அடிக்குழியில் அடைத்துக்கொண்ட நெல்லைக் கையால் வாருகிற ஆள் கேமராவில் தெரியமாட்டார். வெட்டிப்போன ஓவர்லோடை ரீசெட் செய்வது, ஏன் வெட்டியது என்று நேரில் பார்க்காமல். எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தான் நேரடி வயரில் காண்டாக்டரை விழவைக்க வேண்டும். அதை நெட் வழியாகவோ நிரல் வழியாகவோ கொண்டுபோகக்கூடாது. நிறுத்துவதை மட்டும் எங்கிருந்தும் செய்யலாம். அதிலும் ஒன்று: உலர்த்தியில் சூட்டை முதலில் நிறுத்தி, காற்றாடியைச் சில நிமிடம் கழித்து நிறுத்தும் வரிசையை பி.எல்.சி.யே செய்யும்படி எழுதியிருக்கவேண்டும்.

சென்சார் தகவல் அடிக்கடி விட்டுவிட்டு வருகிறது.

பெரும்பாலும் சென்சார்களை பி.எல்.சி.யோடு இணைக்கும் ஆர்.எஸ். 485 வயரிங்தான் காரணம். மரக்கிளை மாதிரி பிரிக்காமல் ஒரே கொடியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகவேண்டும். இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர், நடுவில் எங்கும் வேண்டாம். முறுக்கிய ஜோடி வயர், மேலுறையின் எர்த் ஒரு பக்கம் மட்டும். மோட்டார் கேபிளோடு ஒரே பைப்பில் இழுத்திருந்தால் பிரித்துவிடுங்கள். இதன்பிறகும் வந்தால், இரண்டு கருவிக்கு ஒரே முகவரி எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

உலர்த்தியின் தகவலை உறுப்பினர்கள் எல்லோரும் பார்க்கலாமா?

தன் லாட்டின் ஈரப்பதம் எப்படி இறங்கியது என்பதை அந்த விவசாயி பார்க்கவேண்டும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் என்ற வரம்பு இருக்கும்போது அவருக்கு அதுதான் பணம். ஆனால் பார்ப்பதற்கு அவர் உலர்த்திக்குள் நுழையவேண்டியதில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகும் வெப்பம், ஈரப்பதம், லாட் எண் ஆகியவற்றை வெளியே ஒரு அட்டவணைக்கு அனுப்பி, அதைக் காட்டுங்கள். நெட் இல்லாத நேரத்துக்குப் பதிவுக் கருவியான லாகரில் மெமரி கார்டு இருக்கட்டும். பி.எல்.சி.யின் கடிகாரம் மாதத்துக்குச் சில நிமிடம் ஓடிப்போகும். அதைத் திருத்தாவிட்டால், யார் எப்போது மாற்றினார் என்ற பதிவு வாக்குவாதத்தில் நிற்காது.

யாரோ உள்ளே நுழைந்துவிட்டதாகத் தெரிகிறது. முதலில் என்ன செய்வது?

ரூட்டரின் சாவியை அணையுங்கள், இயந்திரத்தை மேனுவலுக்கு மாற்றுங்கள். கணினியை ஃபார்மட் செய்யாதீர்கள், பதிவுகள் போய்விடும். 2022 ஏப்ரல் 28இல் வந்த செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவுப்படி நிறுவனங்கள் இத்தகைய சம்பவத்தை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். உற்பத்தியாளர் நிறுவனம் கம்பெனியாகப் பதிவானது என்றால் உங்களுக்கும் பொருந்தும். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

மானியம் உண்டா?

வேளாண்மைப் பொறியியல் துறை போன் வழி பம்ப்செட் கட்டுப்பாட்டுக் கருவிக்கு மானியம் கொடுத்து வருகிறது. தொகையும் தகுதியும் மாறும். உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள், வாங்கிவிட்டுக் கேட்காதீர்கள்.

புயலில் டவரே விழுந்துவிட்டால்?

2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு மின்கம்பமும் டவரும் சேர்ந்தே போயின. பல கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது. அப்போது ஆட்டோவில் விட்ட மோட்டார்தான் ஆபத்து. லைன் சரிசெய்து முதல்முறை விடும்போது வோல்ட்டேஜும் ஃபேஸ் வரிசையும் எப்படி வரும் என்று தெரியாது. புயல் எச்சரிக்கை வந்ததும் திருகு ஸ்விட்சை ஆஃபில் வைத்து மெயினை இறக்குங்கள். அறுந்த கம்பி கிடந்தால் கிட்டே போகாமல் மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987க்குச் சொல்லுங்கள்.

ஒரு பங்குக்காரர் நிலத்தை விற்றுவிட்டார். என்ன மாற்றவேண்டும்?

அவருடைய எண்ணை நீக்கி, பின் எண்ணை மாற்றி, புதியவரைச் சேர்ப்பது பத்து நிமிட வேலை. பெட்டியில் இருக்கும் சிம் அவர் பெயரில் இருந்தால் அது பத்து நிமிடத்தில் முடியாது. பெயர் மாற்ற அவரே கடைக்கு வரவேண்டும். ஆப் கணக்கும் அவருடைய மின்னஞ்சலில் திறந்திருந்தால் இன்னும் சிக்கல். கிரயப் பத்திரம் எழுதும் வாரத்திலேயே இரண்டையும் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.